இறந்த பின் திறந்த கதவு: கோவை, கரூர், 2021 நவம்பர்

2021 நவம்பர் 11 அன்று கோவையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டு நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, கரூரில் அதே வகுப்பில் படித்த இன்னொரு மாணவி இறந்தார். இரண்டு மரணங்களிலும் பாலியல் தொல்லை பற்றிய குற்றச்சாட்டு இருந்தது. இரண்டிலும் ஒரு கடிதம் இருந்தது. இரண்டு கடிதங்களும் கிடைத்த வேகத்தில் கைப்பேசி வழியாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. அந்த எட்டு நாளில் ஊடகம் என்ன செய்தது, கொங்குச் சமூகம் என்ன செய்தது, இரண்டும் சேர்ந்து படிப்பவர்களுக்கு எதைக் கற்றுக்கொடுத்தன என்பதே இந்த ஆய்வின் பொருள்.

நான் இதில் வெளியாள் இல்லை. பதினோரு ஆண்டுகள் கோவையில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக இருந்தவன். அந்த நவம்பரிலும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இங்கே வரும் குறைகளில் என் பங்கும் உண்டு. இறந்தவர்களின் பெயரையோ, பள்ளியையோ, குடியிருந்த பகுதியையோ, இறந்த விதத்தையோ, கடிதங்களின் வாசகத்தையோ இங்கே எழுதவில்லை. கரூர்க் கடிதத்தின் ஒரு வரி தமிழ்நாடு முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்ட வரி என்பது எனக்குத் தெரியும். அது அப்படி மனப்பாடம் ஆனதுதான் நாம் பேச வேண்டிய விஷயம் என்பதால் அதை மறுபடியும் ஒருமுறை அச்சிட எனக்கு மனமில்லை.

எட்டு நாள்

கோவைச் சம்பவத்தின் காலவரிசை சுருக்கமானது. மாணவி இறந்த மறுநாளே, அவர் முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். விஷயம் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் பள்ளியின் முதல்வர் அடுத்த இரண்டு நாளில் பெங்களூருவில் பிடிக்கப்பட்டார். அதுவரை உடலை வாங்க மாட்டோம் என்று உறவினர்கள் நின்றார்கள். மாணவர் அமைப்புகளும் கட்சிகளும் தெருவில் உட்கார்ந்தன. அந்தப் பெண் தான் பட்டதைச் சொல்லத் தொடங்கியது அன்றைக்கு அல்ல, அதற்குப் பல மாதம் முன்பு என்பதே குடும்பத்தாரும் தோழிகளும் திரும்பத் திரும்பச் சொன்னது. மாதக்கணக்கில் நகராத ஒன்று மூன்று நாளில் நகர்ந்தது.

அந்த மூன்று நாளும் தொலைக்காட்சிகள் பள்ளியின் வாசற்கதவைக் காட்டிக்கொண்டே இருந்தன. கதவில் போட்ட பூட்டு, அதன்மேல் ஒட்டிய காகிதம், எதிரே நின்ற காவலர்கள், மறுபடியும் பூட்டு. நேரலையில் காட்ட வேறெதுவும் இல்லாதபோது கதவைக் காட்டுவது எங்கள் தொழிலின் பழக்கம். சமூக வலைத்தளத்தில் மாணவியின் பெயரோடு நீதி கேட்கும் ஹேஷ்டேக் ஓடியது. அதைப் பகிர்ந்தவர்களில் அரசியல்வாதிகளும் திரைக்கலைஞர்களும் இருந்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் நினைக்கவில்லை. கோபம் நியாயமானதுதான். நியாயமான கோபத்துக்குக்கூட ஒரு படம் தேவைப்பட்டது, ஒரு பெயர் தேவைப்பட்டது.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் சிங்காநல்லூரில் ஒரு பெட்டிக்கடையில் மாலைப் பத்திரிகையின் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சணல் கயிற்றில் கிளிப் மாட்டிய, இன்னும் மை வாசம் போகாத தாள். கொரோனா விடுமுறைக்குப் பிறகு அந்தச் செப்டம்பரில்தான் பெரிய வகுப்புகளுக்குப் பள்ளி திறந்திருந்தது. பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். சீருடையில் இருந்த ஒரு பெண் அந்தப் போஸ்டரை நின்று படித்தாள். மூன்றே வரி. முதல் வரி மரணம், இரண்டாவது வரி கடிதம், மூன்றாவது வரி கைது. கூட இருந்தவள் “வாடி, பஸ்ஸு வந்துருச்சு” என்று பைப்பட்டையைப் பிடித்து இழுக்கும்வரை அவள் நகரவில்லை.

அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் படித்தது என்ன என்பது தெரியும். மரணம், கடிதம், கைது என்ற அந்த வரிசை செய்தியாளருக்கு வெறும் நிகழ்ச்சிக் கோவை. ஏற்கெனவே ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு, சொல்ல வாய் வராமல் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி தெரியும்: இன்னது செய்தால் இன்னது நடக்கும் என்று.

எட்டாம் நாள் கரூர்ச் செய்தி வந்தது. புகார் கொடுக்கப் போன குடும்பத்தாரைக் காவல் நிலையத்தில் மரியாதையாக நடத்தவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்து, ஆய்வாளர்மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டது. கோவையில் பள்ளி கேட்கவில்லை என்ற குறை; கரூரில் இறந்த பிறகுகூடக் காவல் நிலையம் கேட்கவில்லை என்ற குறை. கரூர்க் கடிதம் தாய்க்கோ தோழிக்கோ எழுதிய கடிதம்போல இல்லாமல் ஊருக்கும் நாட்டுக்கும் எழுதிய மனுவைப் போல இருந்தது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அதற்கடுத்த ஒரு வாரத்துக்குள் அந்தக் கரூர்ப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்மீது புகார் எதுவும் இருந்ததில்லை. பள்ளிப் பெயர் ஊர் வாயில் விழுந்தால் அந்தப் பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவர் முகத்தையும் ஊர் உற்றுப் பார்க்கும். அந்த மரணம் எங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. டிசம்பரில் சென்னைப் புறநகரில் இன்னொரு மாணவி, இன்னொரு கடிதம்.

தொற்றும் பாடமும்

தற்கொலைச் செய்தி தொற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1974இல் அமெரிக்கச் சமூகவியலர் டேவிட் பிலிப்ஸ், முதல் பக்கத்தில் தற்கொலைச் செய்தி வந்த மாதங்களை எடுத்து நாட்டின் இறப்புக் கணக்கோடு ஒப்பிட்டார். செய்தி வந்த பிறகு எண்ணிக்கை கூடியது. செய்தியைப் பெரிதாகப் போட்ட இடங்களில் கூடுதலாகக் கூடியது. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் சுரங்க ரயில் நிலையங்களில் நடந்த மரணங்களைப் பத்திரிகைகள் பரபரப்பாகப் போட்டுவந்தன. 1987இன் நடுவில் மனநல மருத்துவர்கள் கொடுத்த நெறிமுறையை ஏற்று அடக்கி எழுதத் தொடங்கியதும் அந்த எண்ணிக்கை ஆறே மாதத்தில் பெருமளவு விழுந்தது. அதே ஆஸ்திரியாவில் 2010இல் வந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: சாக நினைத்தவர் எப்படி அந்த நாளைக் கடந்து வந்தார் என்று எழுதும் செய்திகள் வந்த இடங்களில் எண்ணிக்கை குறைந்தது. எழுத்து கொல்லவும் செய்யும், காக்கவும் செய்யும் என்பதற்கு அளந்து பார்த்த கணக்கே இருக்கிறது.

ஆனால் கோவைச் செய்தியால்தான் கரூர் மரணம் நடந்தது என்று எழுத நான் துணியமாட்டேன். ஒரு தனி உயிரின் முடிவை ஒரு தலைப்புச் செய்தியின் கணக்கில் எழுதிவிட முடியாது. அப்படி எழுதினால் தொல்லை கொடுத்தவனின் பொறுப்பு லேசாகிவிடும் என்ற பயமும் எனக்கு உண்டு. மொத்த எண்ணிக்கையில் தெரியும் போக்கை ஒரு வீட்டின் துக்கத்துக்குள் கொண்டுபோய்ச் செருகுவது ஆய்வாளரும் செய்யக்கூடாத, பத்திரிகைக்காரனும் செய்யக்கூடாத வேலை.

எனக்குத் தோன்றுவது வேறு. வெளியே இருந்து வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ‘பார்த்துச் செய்தல்’ என்ற கோணத்தில் பேசுகின்றன: புகழ்பெற்ற ஒருவர் இறந்தார், ரசிகர்கள் பின்தொடர்ந்தார்கள் என்ற மாதிரி. கொங்கில் அந்த நவம்பரில் நடந்ததை அதற்குள் மட்டும் அடக்க முடியாது. செத்தால்தான் கேட்பார்கள் என்ற ஒரு நடைமுறைப் பாடம் இங்கே நடத்தப்பட்டது. அதை நடத்தியது ஊடகம் மட்டுமில்லை. உயிரோடு இருந்தபோது கேட்காத பள்ளியும் வீடும் காவல் நிலையமும் பாடத்தின் முற்பாதியைச் சொல்லிக்கொடுத்தன. இறந்த மறுநாளே ஓடிவந்த கேமராவும் கைதும் அமைச்சர்களின் ஆறுதலும் பிற்பாதியைச் சொல்லிக்கொடுத்தன. ஊடகத்தை மட்டும் அடக்கினால் பிற்பாதிதான் மறையும்.

திங்கட்கிழமை

இந்தப் பாடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்ததில்லை. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிப் புகாரைப் பலமுறை கொடுத்தும் பலனில்லாத ஒரு குடும்பம் அழிந்தது. அந்தப் படங்களை அன்று பார்க்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. அதைப் பற்றிக் கேலிச்சித்திரம் போட்ட ஓவியர் அடுத்த மாதம் கைதானார். கூடுதல் வட்டியைத் தடைசெய்யும் சட்டம் 2003 முதலே இருந்ததும் அப்போதுதான் பலருக்கு நினைவு வந்தது.

அந்தச் சம்பவம் கொங்கில் விட்டுப்போன தடம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை காலையில் கோவை, ஈரோடு, திருப்பூர் ஆட்சியர் அலுவலகங்களின் வாசலுக்குப் போனால் மனு கொடுக்க வரும் சனத்தைப் பார்க்கலாம். மஞ்சப் பையில் பட்டாவும் பழைய மனுக்களின் நகலும் வைத்திருக்கும் அந்த ஆட்களைப் போலீசார் நிறுத்திப் பையைத் திறந்து பார்க்கிறார்கள். எதைத் தேடுகிறார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரியும். பெருந்துறைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, “இதுக்கு மின்ன எட்டு வாட்டி வந்தனுங் சாமி, அப்பவெல்லாம் யாரும் பையப் பாக்கலீங்” என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. மனுவைப் படிப்பதற்கு முன்னால் பையைப் படிக்கும் நிலைமைக்கு வந்துவிட்டோம்.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. உயிர்மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் திசையில் இது நல்ல முன்னேற்றம். ஆனால் புதிய சட்டத்தின் 226ஆம் பிரிவு, ஓர் அரசு ஊழியரைத் தன் கடமையில் இன்னது செய் என்றோ செய்யாதே என்றோ நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூகசேவை. பொதுவாக நோய் என்று ஒப்புக்கொண்ட அரசு, தன் வாசலில் நடந்தால் மட்டும் அதை மிரட்டல் என்று கருதுகிறது.

பொது மரணத்தை மனுவாகப் பார்க்கும் பழக்கத்துக்கு இந்த மண்ணில் அறுபது ஆண்டு வரலாறும் இருக்கிறது. 1964இல் கீழப்பழுவூர் சின்னசாமி, 1965இல் கொங்கிலிருந்து சத்தியமங்கலம் முத்து, பீளமேடு தண்டபாணி என்று மொழிப்போரில் உயிர்கொடுத்தவர்களின் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 25 அன்றும் மேடையில் வாசிக்கப்படுகிறது. அவர்களை மதிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஊரில், தன் குறையைச் சொல்ல வேறு மொழி கிடைக்காத ஒருவருக்கு எந்த மொழி முதலில் நினைவுக்கு வரும் என்பதை மட்டும் யோசிக்கச் சொல்கிறேன். 2009இல் ஈழப் போரின்போதும் அதன் பிறகும் வந்த அரசியல் மரணங்களின் சுவரொட்டிகளையும் சேர்த்துத்தான்.

பெயரும் வாசற்கதவும்

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அந்த நவம்பரில் நாங்கள் செய்ததில் பாதி செய்திருக்கவே கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்ப விவரம் ஆகியவற்றோடு பள்ளி, அக்கம்பக்கம் ஆகியவற்றையும் ஊடகம் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இறந்துபோனவர் என்றாலும், பெற்றோரே சம்மதித்தாலும், அடையாளத்தை வெளியிட நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 2018 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையை ஒட்டி, தற்கொலைச் செய்தியை முக்கியமான இடத்தில் வைக்காதே, திரும்பத் திரும்பப் போடாதே, முறையை விளக்காதே, இடத்தைச் சொல்லாதே, படமும் வீடியோவும் போடாதே என்று எழுதியது. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் தீபாவளிச் சீட்டுப் பணம் கட்டியவர் பட்டியல் இருந்தது. இரண்டில் எதை எல்லோரும் படித்தார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சம்பிரதாயத் தடை என்று நினைப்பவர்கள் பொள்ளாச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் அந்தப் பாலியல் வழக்கு வெளிவந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை உயர் அதிகாரியும், பிறகு அரசாணையுமே வெளிப்படுத்தின. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் வெளியே வந்த பிறகு அடுத்த பெண் ஏன் காவல் நிலையப் படி ஏறுவாள் என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. பிறகு அடையாளங்கள் பாதுகாக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சிக் கூண்டில் உறுதியாக நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தப் பெண்கள் உயிரோடு இருந்து, பெயரில்லாமல், வழக்கில் வென்றார்கள். என் கணக்கில், கோவைச் செய்தியைப் போஸ்டர் போட்ட அளவுக்கு அந்தச் செய்தியையும் போட்டிருக்க வேண்டும்.

அவசரத்தின் இன்னொரு விலையையும் இங்கேயே குறிப்பிட வேண்டும். 2015 ஜூனில் பள்ளிப்பாளையம் அருகே ரயில் பாதையில் ஓர் இளைஞரின் உடல் கிடந்தபோது, சட்டைப்பையில் கடிதம் இருந்தது, பிறகு ஒரு வீடியோவும் சுற்றியது. தற்கொலை என்று முதல்நாள் எழுதியவர்கள் பலர். அதுதான் கோகுல்ராஜ் கொலை வழக்கு. 2022 மார்ச் 8 அன்று பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடிதம் என்று ஒன்று கையில் கிடைத்தால் அதை அப்படியே படம்பிடித்துப் போடத் துடிக்கும் நம் பழக்கத்தை ஒரு கொலைகாரன் எவ்வளவு எளிதாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அந்த வழக்கை விசாரித்த திருச்செங்கோட்டு டி.எஸ்.பி. 2015 செப்டம்பரில் இறந்தபோதும் கடிதத்தின் பக்கங்கள்தான் முதலில் வெளியே வந்தன.

வயிற்றுவலி

விளம்பரம் பெற்ற மரணங்களைப் பற்றி மட்டும் பேசினால் படம் பாதிதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் இப்படி இறந்தார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாம் இடம். நாளொன்றுக்கு 54 பேர். இவர்களில் பெரும்பாலோர் செய்தியாவதே இல்லை, ஆனால் ஆறு வரி.

அந்த ஆறு வரியின் அச்சு எனக்குத் தூக்கத்திலும் வரும். இன்ன ஊரைச் சேர்ந்தவர், இன்னாரின் மனைவி, இவருக்கு நீண்ட நாளாக வயிற்றுவலி, பல இடங்களில் சிகிச்சை பெற்றும் குணமாகவில்லை, இதனால் மனமுடைந்து, போலீசார் விசாரித்து வருகின்றனர். தமிழ் தினசரிகளை நம்பினால் இந்த மாநிலத்துப் பெண்களின் முதல் எதிரி வயிற்றுவலிதான். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.) விசாரணை உண்டு, அதைத் தாண்டிவிட்டால் காவல் நிலைய ரைட்டர் எழுதியதுதான் கதை. அவரிடம் எழுதிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

ஒருமுறை சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரர், ஐம்பது வயது தாண்டியவர், பத்திரிகைத் துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறையில் இருந்த பையன் என்னைக் கூப்பிட்டான். துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் நீவிவிட்டார். கைவிரல் இடுக்கில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“ஏனுங் தம்பி, எம்பட புள்ளைக்கு வயித்து வலீன்னு போட்டிருக்கீங்க. அவளுக்கு ஒருநாளும் வயித்து வலி வந்ததில்லீங்களே.”

“நாங்க ஸ்டேஷன்ல குடுத்ததத்தானுங்க போடறோம், ஐயா.”

“அப்ப ஸ்டேஷன்ல இருக்கறதுதான் நெசமுங்களா?”

மருமகன் வீட்டார் எழுதிக் கொடுத்தது அது. கல்யாணம் ஆகி ஒன்பது வருசம். அவர் வழக்குப் போட வரவில்லை, யாரையும் பிடித்துக் கொடுக்கவும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். திருத்தம் போடும் வழக்கம் இல்லை என்று மேலே இருந்து பதில் வந்தது. அதை அவரிடம் சொன்னது நான்தான். துண்டை மறுபடி நான்காக மடித்து எடுத்துக்கொண்டு, “வெசனப்படாதீங் தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

2016 ஜூன் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஒன்பது முன்னணி நாளிதழ்களை எடுத்து நடத்திய ஆய்வு ஒன்று 1,681 தற்கொலைச் செய்திகளைக் கணக்கெடுத்தது. பத்தில் நான்குக்கும் மேற்பட்டவை இறந்த முறையை விளக்கமாகச் சொன்னவை. உதவி எண் தந்தவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. செய்தியின் கடைசியில் ஒரு பெட்டி வருகிறது: தற்கொலை எதற்கும் தீர்வாகாது, 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ சென்னை ‘சினேகா’ அமைப்பின் 044-24640050 என்ற எண்ணிலோ அழைக்கலாம் என்று. அந்தப் பெட்டியை நானே நூற்றுக்கணக்கான முறை ஒட்டியிருக்கிறேன். மேலே முறையையும் கடிதத்தையும் விலாவாரியாகப் போட்டுவிட்டுக் கீழே பெட்டியை வைத்தபோதெல்லாம் சிகரெட் அட்டையின் எச்சரிக்கைதான் நினைவுக்கு வரும். ஆனால் எண் பயனற்றது என்று சொல்லமாட்டேன். 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். இதைப் படிப்பவர் யாருக்காவது இந்த நேரத்தில் மனம் தாளவில்லை என்றால் மிச்சத்தைப் பிறகு படிக்கலாம், முதலில் கூப்பிடுங்கள்.

ஊரின் பதிலையும் இரண்டாகப் பிரிக்கலாம். செய்தியாகாத மரணத்தில் ஊர் மூடுகிறது: பங்காளிகள் கூடி, சாயங்காலத்துக்குள் காரியத்தை முடித்து, கேட்பவர்களுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி, பதினாறாம் நாளோடு பெயரையே எடுக்காமல் விடுகிறது. செய்தியான மரணத்தில் அதே ஊர் திறக்கிறது: துக்கம் விசாரிக்க வந்தவர் கடிதத்தைப் பார்க்கலாமா என்று கேட்கிறார், கைப்பேசியில் இருக்கும் படத்தைத் துக்க வீட்டிலேயே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். இரண்டிலும் அந்தக் குடும்பத்தை யாரும் ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதில்லை.

வேறு கதவுகள்

அந்த நவம்பர் கடைசியில் முதலமைச்சர் ஒரு வீடியோவில் பேசினார். பாதிக்கப்பட்ட பெண்கள் உயிரை விடக்கூடாது, புகார் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொன்னார். பள்ளிக் கல்வித்துறை 14417 என்ற எண்ணைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. இவற்றைச் செய்தி ஆக்குவது கடினம். பெட்டி வைத்தார்கள் என்று ஒருநாள் போடலாம், அதற்குமேல் என்ன?

ஆனால் தமிழ்நாட்டில் பலன் தந்தவை இப்படிச் சத்தமில்லாத ஏற்பாடுகள்தான். ஒரு பாடத்தில் தோற்றால் ஒரு வருடம் போய்விடும் என்ற நிலைமை இருந்தபோது, தேர்வு முடிவு நாள் செய்தி மேசைக்குப் பயங்கரமான நாள். முடிவு வந்த சில வாரத்திலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் வந்த பிறகு, தோல்வியால் நடந்த மரணங்கள் குறைந்தன. 2017 மே மாதத்தில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு எடுத்தது; அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் நம்ம கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டுப் பள்ளிகள் சாலை முழுவதும் பிளெக்ஸ் வைத்த காலம் அது. லட்டு ஊட்டும் படம் இல்லாமல் மறுநாள் முதல் பக்கம் வராது என்று எங்களுக்கே கவலையாக இருந்தது. ஒரு வாரம் புலம்பினோம், பிறகு பழகிவிட்டது. ஊடகம் தானாகத் திருந்தாது. காட்ட வேண்டியதை எடுத்துவிட்டால் வேறொன்றைக் காட்டும்.

நீட் தேர்வில் அந்தப் பாடம் மறுபடி மறந்துபோனது. 2021 செப்டம்பரில் மேட்டூர் அருகே ஒரு மாணவர் தேர்வு நாளிலேயே இறந்தார். நான்கே நாளுக்குள் அரியலூர், வேலூர் மாவட்டங்களில் இரண்டு மாணவிகள். சட்டமன்றம் விலக்கு மசோதாவை நிறைவேற்றியது, தலைவர்கள் வீடு வீடாகப் போனார்கள், நாங்கள் ஒவ்வொரு படத்தையும் போட்டோம். அதே வாரத்தில் தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 104 வழியாக ஆலோசகர்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்துப் பேசத் தொடங்கினார்கள். அதற்கு எங்கள் பக்கத்தில் கிடைத்தது எட்டு வரி.

வேலையை விட்ட பிறகு, அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இந்த ஆய்வுக்காகப் போயிருந்தேன். அங்கே புகார்ப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியை முதல் வாரத்தில் விழுந்த சீட்டுகளைப் பற்றிச் சொன்னார். கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார், சத்துணவு முட்டை சிறிதாக இருக்கிறது. ஒரு சீட்டில் பெயரும் இல்லை, புகாரும் இல்லை. ‘மிஸ், உங்ககிட்டத் தனியாப் பேசோணும்’ என்று மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது.

“யாருன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“கண்டுபிடிக்கலீங் சார். கண்டுபிடிச்சா வரமாட்டாளுங்களே. தினமும் கடைசி மணி அடிச்சதுக்கப்புறம் பிளஸ் டூ கிளாஸ்ல நோட்டுத் திருத்தற மாதிரி அரை மணி நேரம் உக்காந்திருந்தனுங். நாலு நாள் யாரும் வரலீங். அஞ்சாம் நாள் ஒருத்தி வந்து, பேனா இருக்குங்களா மிஸ்னு கேட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துட்டாளுங்.”

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.